‘எல்லாம் ஒரிஜினல்’ என்று வாங்கிய 1974 ஸ்ட்ராட்: பிக்கார்டைக் கழற்றிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

பழைய எலக்ட்ரிக் கிட்டார் வாங்கும் யோசனையில் இருக்கிறீர்களா? ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள். ஆறு மாதச் சம்பளத்தைக் கொட்டிவிட்டு எழுதுகிறேன்.

விளம்பரத்தில் இருந்தது இவ்வளவுதான்: 1974 ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர், சன்பர்ஸ்ட், ஸ்விட்ச் ஒன்றைத் தவிர எல்லாம் ஒரிஜினல். நேரில் போனேன். மனிதர் தன்மையாகப் பேசினார். கிட்டாரைக் கையில் கொடுப்பதற்கு முன்னாலேயே, “ஒன்ன மறைக்காம சொல்லிடறேன் தம்பி, ஸ்விட்ச்ச மாத்திட்டேன்” என்றார். எந்த பிக்கப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருள்) ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் ஸ்விட்ச் அது. ஸ்ட்ராட்டுக்கு ஐந்து நிலை ஸ்விட்ச் 1977-இல்தான் கம்பெனியிலிருந்தே வர ஆரம்பித்தது. 1974 கிட்டாரில் மூன்று நிலைதான் இருந்திருக்கும். அதை அவரே சொன்னதும் எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. குறையை வாய்விட்டுச் சொல்கிறவர் எதற்குப் பொய் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

நான் தெரிந்து வைத்திருந்ததெல்லாம் பொருந்தியது. நெக்கின் நுனியில், ட்யூன் செய்யும் திருகுகள் இருக்கும் தலைப்பகுதி, அதாவது ஹெட்ஸ்டாக், பெரியது. நெக்கைப் பாடியோடு சேர்க்கும் பிளேட்டில் மூன்று ஸ்க்ரூ. 1971 கடைசியிலிருந்து எண்பதுகளின் தொடக்கம் வரை ஸ்ட்ராட்டில் மூன்றுதான், அதற்கு முன்னால் நான்கு. ஹெட்ஸ்டாக் பக்கத்தில் தோட்டா மாதிரி துருத்திக்கொண்டிருக்கும் ட்ரஸ் ராட் நட் (நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே ஓடும் கம்பியின் நட்). பிளேட்டில் அந்தக் காலத்து சீரியல் எண். அவரும் அந்த எண்ணைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினார். எண் பிளேட்டில் இருக்கிறது, பிளேட் மூன்று ஸ்க்ரூவில் நிற்கிறது, ஸ்க்ரூவைத் திருப்பினால் எந்த பாடிக்கு வேண்டுமானாலும் போகும். இது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. 1976 வாக்கில்தான் எண்ணை ஹெட்ஸ்டாக்குக்கு மாற்றினார்கள்.

என்னை உண்மையில் விழ வைத்தது பெயிண்ட். சன்பர்ஸ்ட் முழுக்க மயிரிழை மாதிரி நுண்ணிய விரிசல்கள், பாடியின் குறுக்காக ஓடின. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பழைய பீங்கான் தட்டு போல இருந்தது. ஐம்பது வருஷக் கிட்டார் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது.

பிக்கார்டை, அதாவது பிக்கப்பும் ஸ்விட்ச்சும் மாட்டியிருக்கும் முன்பக்கத் தகட்டை, கழற்றி உள்ளே பார்க்கலாமா என்று கேட்டேன். “வேண்டாம், பழைய ஸ்க்ரூவத் தொட்டா மதிப்பு போயிடும், இதுவரைக்கும் யாரும் பிரிச்சதில்ல” என்றார். சரி என்று விட்டுவிட்டேன். ஸ்விட்ச்சை மாற்ற வேண்டுமானால் பிக்கார்டைக் கழற்றியே ஆக வேண்டும் என்பது வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் கழித்துத்தான் மண்டையில் ஏறியது. இரண்டு பொய்களை ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறார், நானும் தலையாட்டியிருக்கிறேன்.

வீட்டில் வாசிக்கும்போது பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேலே ஸ்ட்ரிங்கை இழுத்தால் ஸ்வரம் செத்துவிடும். மெல்லிய முதல் ஸ்ட்ரிங் நெக்கின் ஓரத்தைத் தாண்டி நழுவியது. ரிப்பேர் செய்யும் ஒரு பெரியவரிடம் எடுத்துப் போனேன். அவர் ட்யூன்கூடப் பார்க்கவில்லை. நெக்குக்கும் பாடிக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டைச் செருகினார், அது பாதி உள்ளே போனது. நெக்கைப் பக்கவாட்டில் லேசாகத் தள்ளினார், அசைந்தது. மூன்று ஸ்க்ரூ என்றாலே மட்டம் என்று சிலர் அடித்துப் பேசுவார்கள். அது அநியாயம், பாடியில் நெக் உட்காரும் குழி இறுக்கமாக இருந்தால் மூன்றே போதும். என்னுடையதில் குழியே தளர்ந்திருந்தது. ட்ரஸ் ராட் நட் கடைசி வரை முறுக்கப்பட்டிருந்தது, இனி திருப்ப இடமில்லை. நெக் வளைந்தால் சரிசெய்ய வழியில்லை என்று அர்த்தம். ஃப்ரெட்டுகள் பல தடவை தேய்க்கப்பட்டு, ஸ்ட்ரிங்கை இழுக்க விரலுக்குப் பிடிமானம் இல்லாத அளவுக்குத் தட்டையாக இருந்தன.

அப்புறம் மல்டிமீட்டரை எடுத்தார். கிட்டாரில் கேபிளைச் சொருகி, வால்யூமை முழுக்கத் திறந்து, மறுமுனையில் அளந்தார். எதையும் பிரிக்காமலே செய்யக்கூடிய சோதனை இது. அந்தக் காலத்து ஸ்ட்ராட் பிக்கப் பொதுவாக ஐந்தரையிலிருந்து ஆறு, ஆறரை கிலோ ஓம் மின்தடை காட்டும். நெக் பக்கம் 5.7, நடுவில் 5.8. ஸ்ட்ரிங்குகள் பாடியில் முடியும் பிரிட்ஜ் பக்கம் 13. வாங்கிய அன்றைக்கு அந்த பிக்கப் மட்டும் தடிமனாகக் கத்தியபோது, “பழைய காந்தம் தம்பி, அதோட குணமே அதுதான்” என்றவர் நினைவுக்கு வந்தார்.

பிக்கார்டின் பதினோரு ஸ்க்ரூவையும் கழற்றித் தூக்கினோம். பிரிட்ஜ் பிக்கப் உட்காரும் குழி இரண்டு மடங்கு அகலத்துக்குக் கொத்தப்பட்டிருந்தது. எண்பதுகளில் ஸ்ட்ராட்டில் ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் கொண்ட அகலமான பிக்கப்) வைப்பது பெரிய மோகம், யாரோ உளியாலேயே குடைந்திருக்கிறார்கள். ஓரங்கள் சிலும்பு சிலும்பாக இருந்தன. அதன் மேல் ஒரு கோட்டிங் கறுப்பு பெயிண்ட். ஒரு ஸ்க்ரூ ஓட்டையில் பல்குச்சியைப் பசையோடு செருகி உடைத்துவிட்டிருந்தார்கள். நடுக்குழியின் அடியில் மட்டும் சுரண்டாமல் விட்ட கெட்டியான வெள்ளை பெயிண்ட். அதாவது கம்பெனியிலிருந்து வெளியே வந்தபோது இது வெள்ளை கிட்டார்.

பெரியவர் சிரிக்காமல் சொன்னார்: “பாடி பழசுதான் தம்பி, அதுல பொய்யில்ல. ஆனா ரெண்டு தடவ செத்துப் பொழச்சிருக்கு.”

நான் மயங்கிய விரிசல்களைப் பற்றியும் அவர்தான் விளக்கினார். அறுபதுகளின் கடைசியிலிருந்து ஃபெண்டர் பாடிக்குக் கெட்டியான பாலியெஸ்டர் பூச ஆரம்பித்துவிட்டது. அது கண்ணாடி மாதிரி சில்லாகப் பெயரும், இப்படி மெல்லிய வலையாக வெடிக்காது. வலை மாதிரி வெடிப்பது நைட்ரோசெல்லுலோஸ், சுருக்கமாக நைட்ரோ என்ற பழைய வகைப் பூச்சு. ஆக, 1974 பாடியில் அந்த விரிசல் இருப்பதே பெயிண்ட் பிற்பாடு பூசியது என்பதற்கு அடையாளம். சூடும் குளிரும் மாற்றி மாற்றிக் காட்டி விரிசலை வரவழைப்பது பழைய வித்தையாம். ஹெட்ஸ்டாக்கின் முகத்தையும் பார்க்கச் சொன்னார். அந்த வருஷங்களில் முகத்துக்கு மட்டும் நைட்ரோ தொடர்ந்தது, அதனால் அது நெக்கின் மற்ற பகுதியைவிட நன்றாகப் பழுத்து மஞ்சளாக இருக்க வேண்டும். என்னுடையதில் முன்னும் பின்னும் ஒரே நிறம். நெக்கையும் மறுபடி பூசியிருக்கிறார்கள்.

வால்யூம், டோன் கன்ட்ரோல்களின் முதுகில் எண் அச்சிட்டிருக்கும். 137 என்று தொடங்கினால் சிடிஎஸ் கம்பெனி, 304 என்றால் ஸ்டாக்போல். அடுத்த இரண்டு இலக்கம் வருஷம், கடைசி இரண்டு வாரம். எனக்குக் கிடைத்ததில் ஒன்றில்தான் 74 இருந்தது. மற்ற இரண்டிலும் எண்ணே இல்லை, ஈயப் பற்று நேற்று வைத்தது போலப் பளபளத்தது. இந்த எண்ணையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். கன்ட்ரோல் என்றைக்குச் செய்தது என்றுதான் அது சொல்லும். 1966-இல் ஃபெண்டர் மொத்தமாக வாங்கிப் போட்டதை அறுபதுகளின் இறுதி வரைகூட மாட்டியிருக்கிறார்கள். கிட்டார் அந்தத் தேதிக்கு முந்தியது இல்லை என்பது வரை நிச்சயம். நெக்கின் அடிப்பகுதியில் தேதி முத்திரை இல்லை. ஆனால் எழுபதுகளில் பல நெக்குகளுக்கு அது இருக்காது, அதை வைத்து விற்றவரைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

பெயிண்ட் மாற்றினாலே விலை கிட்டத்தட்ட பாதியாகிவிடும் என்பது இந்தச் சந்தையின் பொதுக் கணக்கு. குடைந்த குழி, மாற்றிய பிக்கப், முடிந்துபோன ட்ரஸ் ராட் எல்லாம் அதற்கு மேல். வாசிக்க ஒரு பழைய கிட்டார் என்று சொல்லி அந்த விலைக்கு விற்றிருந்தால் நானே சந்தோஷமாக வாங்கியிருப்பேன், அது வேறு விஷயம்.

விற்றவருக்குப் போன் செய்தேன். “பார்த்துத்தானே வாங்கினீங்க?” என்றார். இரண்டாவது தடவை எடுக்கவில்லை. எழுதி வாங்காதது என் தப்பு. ‘எல்லாம் ஒரிஜினல்’ என்பதை ஒரு வரி ரசீதில் போட்டிருந்தால் பிடித்துக் கேட்டிருக்கலாம்.

நேற்று அவருடைய புது விளம்பரம் கண்ணில் பட்டது. இந்தத் தடவை 1973, இதிலும் ‘ஸ்விட்ச் மட்டும் மாற்றியது’. பிளேட்டை நான்கு கோணத்தில் படம் எடுத்துப் போட்டிருக்கிறார், பிக்கார்டுக்கு அடியில் ஒன்றுகூட இல்லை. பாடியில் அதே மயிரிழை விரிசல்கள், அதே மாதிரி குறுக்காக ஓடுகின்றன.