திலாப்பியாத் தீனில் வெந்தயம், நெருஞ்சி, பப்பாசி விதை: தொடர்ந்து பாவித்ததில் தெரிந்தவை

வன்னியில் மண் கேணியிலும் வலைக்கூட்டிலும் திலாப்பியா வளர்ப்பவர்கள் "மூலிகை ஹோர்மோன்" பொடிகளை நிறையத் தேடுகிறார்கள். பாவித்த மூன்றில் காசுக்குப் பலன் தந்தது வெந்தயம் ஒன்றுதான்.

ஒரு கிலோ தீனுக்கு 10 கிராம் போதும். இளஞ்சூட்டில் வறுத்து, மாவாக அரைத்து, மரவள்ளி மாக் கூழில் கலந்து, தீனில் பிசிறி நிழலில் உலர்த்துங்கள். கூழில்லாமல் தூவினால் பொடி தண்ணீரோடு போய்விடும். 20 கிராமைத் தாண்டினால் கசப்பில் மீன் தீனைத் துப்பும். மிச்சம் அடியில் கிடந்து அழுகும். வெந்தயத்தில் இருக்கும் டயோஸ்ஜெனின் ஒரு தாவர ஸ்டீரொயிட் சேர்வை, மீனின் ஹோர்மோன் அல்ல. நாங்கள் கண்ட பலன் தீன் எடுப்பு கூடியதுதான். தவிடும் தேங்காய்ப் பிண்ணாக்கும் மட்டும் போடுகிற கேணியில் அதுவும் தெரியாது. கருவாட்டுத் தூள், சோயா சேர்த்துப் புரதத்தை 28–30 சதவீதத்துக்குக் கொண்டுவந்த பிறகே வெந்தயத்துக்குச் செலவழியுங்கள்.

நெருஞ்சியை ஆண் குஞ்சு கூடுவதற்காக வாங்குகிறார்கள். மஞ்சட்கரு கரைந்து தீன் எடுக்கத் தொடங்கிய முதல் மூன்று நான்கு கிழமைக்குள் கொடுத்தால்தான் அதற்கு இடமுண்டு. இங்கே பெரும்பாலானோர் வாங்கி விடுவது விரலளவுக் குஞ்சு; அதற்குள் ஆணா பெண்ணா என்பது தீர்மானமாகிவிடும். அந்த வயதில் நெருஞ்சி வீண் செலவு. ஆய்வுகளில் பாவித்தது பிரித்தெடுத்த சாரம், கடைப்பொடி அதற்கு ஈடாகாது. தண்ணீரில் நேரே கரைக்கவே வேண்டாம்: அதிலுள்ள சப்போனின் (தண்ணீரில் நுரைக்கும் தாவரச் சேர்வை) செவுளைத் தாக்கும். இலுப்பைப் பிண்ணாக்கு மீனைக் கொல்வதும் சப்போனினால்தான்.

பப்பாசி விதை வளர்ச்சிக்கானதல்ல, இனப்பெருக்கத்தைக் குறைக்க. வாயில் முட்டை காக்கும் பெண் மீன் தீன் எடுக்காது. பொரித்த குஞ்சுகளோ கேணியை நிறைத்து எல்லாவற்றையும் குறுக வைக்கும். ஆனால் விதையின் வீரியம் தொகுதிக்குத் தொகுதி மாறுகிறது, அளவு கூடினால் ஈரலும் கெடும். 30 கிராம் எடையில் ஆணையும் பெண்ணையும் கையால் பிரிப்பதே நம்பகமானது: வயிற்றின் அடியில் ஆணுக்கு இரண்டு துவாரம், பெண்ணுக்கு மூன்று.

பலனை அளக்க ஒரே கேணியில் இரண்டு வலைக்கூடு கட்டி, சம எண்ணிக்கையில் மீன் விட்டு, ஒன்றுக்கு வெறும் தீனே கொடுங்கள். இரு கிழமைக்கு ஒருமுறை 30 மீனாவது நிறுக்க வேண்டும். ஆவணி, புரட்டாதியில் கேணி வற்றும்போது எடுத்த நிறையை நம்பாதீர்கள். விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் திறந்தால் ஒட்சிசன் குறைவு. அன்று காலைத் தீனை நிறுத்தித் தண்ணீர் மாற்றுங்கள்.