ஜப்தி வீட்டின் பச்சைக் குளம்: வடிப்பதா, தெளிய வைப்பதா, காத்திருப்பதா?

அமெரிக்காவின் அரிசோனா, புளோரிடா, கலிபோர்னியா மாநிலங்களில் வங்கி ஜப்தி செய்த வீட்டை விலை பேசுகிறவர்களுக்குப் பல நேரங்களில் பாசி பிடித்த நீச்சல் குளமும் சேர்ந்தே வருகிறது. மின்சாரம் துண்டிக்கப்பட்டுப் பம்பு நின்றதும், வெயில் குளோரினை அழித்துவிடுவதால், கோடையில் சில நாட்களிலேயே தண்ணீர் பச்சையாகிவிடும். 2007இல் கலிபோர்னியாவின் கெர்ன் கவுண்டியில் வெஸ்ட் நைல் காய்ச்சல் பெருகியதற்கு, கைவிடப்பட்ட குளங்களில் உற்பத்தியான கொசுக்களும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். ஆகவே கிரயம் முடியும்வரை குளத்தை அப்படியே விட்டுவைப்பது சரியல்ல.

முழுவதும் வடித்துவிட்டால் அடித்தளத்து விரிசல்கள் கண்ணுக்குத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் புளோரிடாவில், உள்ளே தண்ணீரின் பாரம் இல்லாத தொட்டியைக் கீழிருந்து நீர் அழுத்தித் தூக்கிவிடக்கூடும். வினைல் விரிப்புள்ள குளமானால் விரிப்பு சுருங்கும். அரிசோனாவின் பீனிக்ஸ் நகரக் கோடையில் காய்ந்த பூச்சு வெடிக்கும். இன்னும் தம் பெயருக்கு மாறாத சொத்தில் இத்தகைய சேதத்துக்குப் பொறுப்பேற்பது எந்த வகையிலும் நியாயமாகாது என்பது என் உறுதியான கருத்து.

தெளிய வைப்பதற்குப் பம்பும் மின்சாரமும் வேண்டும். அதைவிட முக்கியமாக, குளோரினை வெயிலிலிருந்து காக்கும் சயனூரிக் அமிலத்தின் அளவு தெரிய வேண்டும். குளத்து நீரில் சோதனை மருந்தைக் கலந்ததும் கலங்கும் கரைசலைச் சோதனைக் கருவியின் சிறு குழாயில் ஊற்றிக்கொண்டே வந்து, அடியிலுள்ள கரும்புள்ளி மறையும் இடத்திலுள்ள எண்ணைப் படிக்க வேண்டும். அமிலம் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) என்றால் குளோரினை ஏறத்தாழ 20 பிபிஎம்முக்கு உயர்த்தினால் பாசி மடியும்; 57,000 லிட்டர் குளத்துக்கு 10 சதவீதத் திரவ குளோரின் சுமார் 11 லிட்டர், அதுவும் முதல் தவணைக்கு மட்டும். பாசி அதைத் தின்றுகொண்டே இருப்பதால், தண்ணீர் தெளியும்வரை அளந்து அளந்து சேர்க்க வேண்டியிருக்கும். அமிலமோ ஆவியாவதில்லை, பல ஆண்டுகள் டிரைகுளோர் (இந்த அமிலமும் சேர்ந்த குளோரின்) மாத்திரை போட்ட குளங்களில் அது 100ஐத் தாண்டியிருந்தால், குளோரின் வாங்கிக் கட்டுப்படியாகாது, பாதித் தண்ணீரை மாற்றுவதே வழி. டிரைகுளோரையும், இன்னொரு வகைக் குளோரினான கால்சியம் ஹைப்போகுளோரைட்டையும் ஒரே வாளியில் கலந்தால் வெடிக்கும் என்பதை வீட்டிலுள்ள அனைவருக்கும் சொல்லி வையுங்கள்.

காத்திருக்கும் வழிக்கு மின்சாரமே தேவையில்லை. கொசுப் புழுக்களைக் கொல்லும் பிடிஐ (ஒரு வகை பாக்டீரியா) வில்லைகளைப் போடலாம், அல்லது கொசுக் கட்டுப்பாட்டுத் துறையிடம் கேட்டு அப்புழுக்களைத் தின்னும் கம்பூசியா மீன்களை விடலாம். பின்னர் குளோரின் ஊற்றினால் மீன்கள் செத்துவிடும் என்பதால், முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். அடி தெரியாத நீரில் விழுந்த குழந்தையைக் காண முடியாது; வேலியும் பூட்டும் முதல் நாளே சரிபார்க்கப்பட வேண்டும்.

என் தேர்வு இதுதான்: கிரயத்துக்கு முன் வங்கியின் எழுத்துபூர்வ அனுமதியுடன் பிடிஐயும் பூட்டும் மட்டும், கிரயத்துக்குப் பின் புளோரிடாவில் வடிக்காமல் தெளிய வைத்தல், பீனிக்ஸில் அமிலம் மிகுந்திருந்தால் குளிர்காலத்தில் சாக்கடைக் குழாய் வாய் வழியாக வடித்தல். வீடு உள்ளது உள்ளபடி விற்கப்படுவதால், ஆய்வு நாளில் மின்சாரம் தரும்படி வங்கியிடம் கேளுங்கள். மறுத்தால், புதிய பம்பு, வடிகட்டி இரண்டின் விலையையும் கேட்கும் விலையிலிருந்து கழித்தே பேசுங்கள்.