சூனியக்காரியின் சமையலறையிலிருந்து: ‘விக்கிட்’ நாவல் குறித்து

எல். ஃபிராங்க் பாம் 1900இல் எழுதிய ‘ஓஸ் நாட்டு அற்புத மந்திரவாதி’ என்ற சிறுவர் நாவலின் பன்னிரண்டாம் அத்தியாயத்தைச் சூனியக்காரியின் சமையலறையில் நின்றுகொண்டு படித்தால், அது வேறு கதையாகத் தெரியும். சிறுமி டோரதி, சோளக்கொல்லைப் பொம்மை, தகர மரவெட்டி, ஒரு சிங்கம் என்று முன்பின் அறியாத நால்வர் அவள் நாட்டுக்குள் நுழைகிறார்கள். அவளைக் கொன்றுவிட்டு வந்தால்தான் கேட்ட வரத்தைத் தருவேன் என்று ஓஸை ஆளும் மந்திரவாதி அவர்களை அனுப்பியிருக்கிறான். அவள் ஏவும் நாற்பது ஓநாய்களையும் தகர மரவெட்டி வெட்டிச் சாய்க்கிறான். நாற்பது காகங்களின் கழுத்தையும் சோளக்கொல்லைப் பொம்மை திருகிப் போடுகிறான். கடைசியில் ஒரு வாளித் தண்ணீரில் அவள் கரைந்து போனதும், சிறுமி டோரதி இன்னொரு வாளித் தண்ணீரை ஊற்றித் தரையைக் கழுவி, எல்லாவற்றையும் வாசலுக்கு வெளியே பெருக்கித் தள்ளிவிட்டு, மிஞ்சிய வெள்ளிச் செருப்பைத் துடைத்துக் காலில் மாட்டிக்கொள்கிறாள். பாமின் சூனியக்காரி நல்லவள் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். அவள் விங்கி மக்களை அடிமைகளாக வைத்திருக்கிறாள், கண்ணுக்குத் தெரியாத இரும்புக் கம்பியைத் தரையில் வைத்துச் சிறுமியை இடறி விழச் செய்து ஒற்றைச் செருப்பைத் திருடுகிறாள். ஆனாலும் அந்தப் பெருக்கித் தள்ளும் காட்சி என் மனத்தில் பல நாள் உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்த உறுத்தலிலிருந்து ஒரு முழு நாவலை எழுதிவிட்டார் கிரிகரி மகுவயர். 1995இல் வெளிவந்த அவருடைய ‘விக்கிட்’, மேற்கின் பொல்லாத சூனியக்காரியின் வாழ்வையும் காலத்தையும் பிறப்பிலிருந்து வாளித் தண்ணீர் வரை சொல்கிறது. (தலைப்பைத் தமிழில் எழுதும்போது கிரிக்கெட் மைதானத்துக்குள் போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.) பாமின் கதையில் பெயரே இல்லாதவளுக்கு, பாமின் பெயரின் முதலெழுத்துகளான எல், எஃப், பி ஆகிய மூன்றையும் சேர்த்து ‘எல்ஃபபா’ என்று பெயர் வைத்திருக்கிறார். அவளுடைய பச்சைத் தோல் பாமிடம் கிடையாது. அங்கே அவள் தொலைநோக்கி போன்ற ஒற்றைக் கண்ணும் கையில் குடையுமாக வருகிறாள். பச்சை நிறம் 1939ஆம் ஆண்டுத் திரைப்படம் கொடுத்தது. ஆக, இந்த நாவல் ஒரு புத்தகத்துக்கு மட்டுமல்லாமல், மக்கள் நினைவில் ஊறிப்போன ஓர் உருவத்துக்கும் சேர்த்தே மறுமொழி சொல்கிறது.

வில்லனின் பக்கமிருந்து கதை சொல்வது நமக்குப் புதிதல்ல. புலவர் குழந்தை 1946இல் ‘இராவண காவிய’த்தைப் பாடி, இராவணனைக் காவிய நாயகனாக்கி, அதனாலேயே பல ஆண்டுகள் தடையும் பெற்றார். அங்கே நடப்பது இடமாற்றம்: நாயகன் அமர்ந்திருந்த இருக்கையில் வில்லன் அமர்கிறான். ‘விக்கிட்’ நாவலைக் கையில் எடுத்தபோது அப்படிப்பட்ட இடமாற்றத்தைத்தான், அதாவது அவதூறுக்கு ஆளான ஒரு பெண்ணுக்கான வாதாட்டத்தைத்தான் எதிர்பார்த்தேன். மகுவயர் அவளுக்காக வாதாட மறுக்கிறார் என்பதே இந்த நாவலின் முதல் வியப்பு. எல்ஃபபா கோபக்காரி, நாக்கில் தேள் வைத்திருப்பவள், தன் வீட்டில் வளரும் சிறுவன் லீரிடம் ஒரு சொல் அன்பாகப் பேசத் தெரியாதவள். அவள் செய்ய நினைத்த நன்மைகள் பெரும்பாலும் பாதியிலேயே நின்றுவிடுகின்றன. அவளைப் புரிந்துகொள்ள முடிகிறது, விடுவிக்க முடிவதில்லை.

இரண்டாவது வியப்பு, இது ‘அவள் பார்வையில்’ எழுதப்பட்ட நாவலே அல்ல என்பது. குறைந்தது, பாதிக்கும் மேற்பட்ட பகுதியில் அப்படி இல்லை. முன்னுரைக் காட்சியில் அவள் ஒரு மரத்தின் மேலிருந்து, கீழே ஒதுங்கியிருக்கும் டோரதியின் கூட்டம் தன்னைப் பற்றிப் பேசும் வம்பை ஒட்டுக்கேட்கிறாள். ஆளுக்கொரு கதை கட்டுகிறார்கள், ஒன்றும் உண்மையில்லை. அதன் பிறகு ஐந்து பாகங்களில் முதல் மூன்று பாகங்கள் அவளை வெளியிலிருந்தே காட்டுகின்றன. பிரசவத்துக்கு உதவ வந்தவளின் விரலைக் கடித்துத் துண்டாக்கும் பச்சைக் குழந்தையைப் பெற்றோரும் தாதியும் பார்க்கிறார்கள். ஷிஸ் பல்கலைக்கழகத்தில் அவளோடு ஒரே அறையில் தங்க நேர்ந்ததை அவமானமாகக் கருதும் அழகுப் பெண் கலிண்டா பார்க்கிறாள், பிறகு பாக் என்ற மாணவன் பார்க்கிறான். தலைநகரான மரகத நகரத்தில் தலைமறைவுப் போராளியாகத் திரியும் அவளைப் பழைய தோழன் ஃபியேரோ பின்தொடர்ந்து போய்ப் பார்க்கிறான். அவள் மனத்துக்குள் நாம் நுழைவது, அவன் கொல்லப்பட்டு அவள் உடைந்துபோன பிறகுதான். பிறர் கண்ணில் மட்டுமே வாழ்ந்தவளுக்குத் தன் குரல் கிடைக்கும்போது அந்தக் குரல் ஏற்கெனவே கெட்டுப்போயிருக்கிறது. முதல் வாசிப்பில் இதைக் குறை என்று எண்ணி நடுவில் மூடிவைத்துவிட்டேன். இரண்டாம் முறை படித்தபோதுதான் நாவலின் முதுகெலும்பே அதுவெனப் புரிந்தது.

நாவலின் மிகச் சிறந்த பகுதி ஷிஸ் பல்கலைக்கழகம். ஓஸ் நாட்டில் பேசும், சிந்திக்கும், சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகும் விலங்குகள் உண்டு; பேசாத சாதாரண விலங்குகளும் உண்டு. ஆங்கில மூலத்தில் இந்த வேறுபாடு முழுவதும் ஒரு பெரிய எழுத்தில் நிற்கிறது: பேசும் விலங்கின் முதலெழுத்து பெரியது, பேசாததன் எழுத்து சிறியது. தமிழில் பெரிய எழுத்து கிடையாது என்பதால் இதை மொழிபெயர்ப்பவர் திண்டாடுவார் என்று முதலில் நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் நம்மிடம் அதைவிடக் கூர்மையான கருவி இருக்கிறது. ஆடு வந்தது என்று எழுதினால் அது அஃறிணை. ஆடு வந்தார் என்று எழுதினால் அவர் பேராசிரியர் டில்லமண்ட். மந்திரவாதியின் ஆட்சி கொண்டுவரும் தடைச் சட்டங்கள் செய்வது இதைத்தான்: நேற்றுவரை உயர்திணையில் இருந்தவர்களை ஒவ்வொருவராக அஃறிணைக்குத் தள்ளுகின்றன. ஆய்வுக்கூடத்தில் அந்த இரண்டு திணைகளுக்கும் இடையே உடற்கூற்றில் வேறுபாடு உண்டா என்று தேடிக்கொண்டிருந்த ஆட்டுப் பேராசிரியர் கொலை செய்யப்படுகிறார். ஒருமுறை ரயில் பயணத்தில் அவர் தன் பெயரைக் ‘கிளிண்டா’ என்று தவறாக உச்சரித்தபோது முகம் சுளித்துத் திருத்திய கலிண்டா, அவர் இறந்த பிறகு அந்தத் தவறான பெயரையே தன் பெயராக வைத்துக்கொள்கிறாள். ஆங்கிலத்தில் ஒரே ஓர் உயிரெழுத்தை உதறுவதில் ஒரு மனமாற்றத்தைக் காட்டிவிட்ட இந்த இடம், நாவலின் பல நீண்ட உரையாடல்களைவிட அதிகம் சொல்கிறது.

அந்த நீண்ட உரையாடல்கள்தாம் நாவலின் சுமை. ஓஸ் நாட்டுக்கு மகுவயர் மூன்று நான்கு சமய மரபுகளைப் படைத்து, தீமை எங்கிருந்து வருகிறது என்று பாத்திரங்களை விருந்து மேசையில் உட்காரவைத்து விவாதிக்க வைக்கிறார். அவற்றில் பாதி கதைக்குள் கரையவில்லை. நான்காம் பாகத்தில் எல்ஃபபா ஃபியேரோவின் குடும்பம் வாழும் மலைக்கோட்டைக்குப் போய்ச் சேர்ந்ததும் நடை மிகவும் தளர்கிறது. பிறப்பு பற்றிய ஒரு ரகசியத்தைக் கடைசியில் அவிழ்ப்பது பழைய நாடக உத்தி. அது இல்லாமலேயே நாவல் நின்றிருக்கும். இறுதிப் பாகத்தில் அவளுடைய மனச்சிதைவு அவசரமாக நிகழ்வதற்குக் காரணமும் வெளிப்படை: முடிவை எழுதியவர் பாம், தேதி குறித்தாயிற்று, மகுவயர் அங்கே போய்ச் சேர்ந்தாக வேண்டும். வேறொருவர் கதையை மறுபடி சொல்லும் எவருக்கும் இந்தச் சிக்கல் உண்டு. முடிவை மாற்றினால் மூலம் கைவிட்டுப் போகும். மாற்றாவிட்டால் கதை தண்டவாளத்தில் ஓடும்.

முடிவை மாற்றாமல் அதன் பொருளை மாற்றுவது என்ற குறுகலான வழியை மகுவயர் தேர்ந்தெடுக்கிறார். (கதையின் இறுதியை அறிய விரும்பாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிச் செல்லலாம்.) ஃபியேரோவின் மனைவி சரீமாவிடம் மன்னிப்புக் கேட்பதற்காகவே எல்ஃபபா அந்த மலைக்கோட்டைக்கு வந்தாள், கேட்க விடாமலேயே சரீமா தட்டிக்கழித்துவிட்டாள், பிறகு கேட்பதற்கு அவளும் இல்லாமல் போனாள். பல ஆண்டுகள் கழித்து டோரதி வந்து நிற்கிறாள். பாமின் டோரதியைப் போலச் சூனியக்காரியைக் கொல்வதற்காக அவள் வரவில்லை. தன் வீடு மேலே விழுந்து இறந்துபோன எல்ஃபபாவின் தங்கைக்காக மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறாள். தனக்குக் கிடைக்காத ஒன்றைத் தன்னிடமே வந்து கேட்கும் சிறுமியைப் பார்த்து எல்ஃபபா கொதிக்கிறாள். அவள் ஆடையில் தீப்பிடிக்கிறது. அதை அணைப்பதற்காக, அவளைக் காப்பாற்றுவதற்காக, டோரதி தண்ணீரை வீசுகிறாள். அதே பெண், அதே வாளி, அதே சாவு. ஆனால் 1900இல் கோபத்தில் வீசப்பட்ட தண்ணீர் 1995இல் இரக்கத்தில் வீசப்படுகிறது.

2003 முதல் பிராட்வே மேடையில் நடந்துவரும் இசை நாடகத்தையோ, அதை வைத்து 2024, 2025 ஆண்டுகளில் இரண்டு பகுதிகளாக வந்த திரைப்படத்தையோ பார்த்துவிட்டு இதை வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. அவை இரண்டு தோழிகளின் கதை. இது அரசியலில் தோற்றுப்போன ஒருத்தியின் கதை. நாவலில், வந்துகொண்டிருக்கும் சோளக்கொல்லைப் பொம்மை மாறுவேடத்தில் வரும் ஃபியேரோவாக இருக்கக்கூடுமோ என்று எல்ஃபபா ஏங்குகிறாள். உள்ளே இருப்பது வெறும் வைக்கோல். மேடை அந்த ஏக்கத்தை எடுத்து உண்மையாக்கி, காதலர்களைச் சேர்த்துவைத்து அனுப்பிவிட்டது. பாமர ரசனை என்று அதை இகழ மாட்டேன், ஆனால் நாவலின் கசப்பு அங்கே இல்லை. தவிர, நாவலில் வன்முறையும் உடலுறவுக் காட்சிகளும் வெளிப்படையாகவே வருகின்றன. படத்தின் பாடல்களை முணுமுணுக்கும் பத்து வயதுக் குழந்தைக்கு அட்டைப்படத்தைப் பார்த்து இதைப் பரிசளித்துவிட வேண்டாம். அந்தக் குழந்தைக்குப் பாமின் புத்தகமே போதும்.

வயது வந்த வாசகர்களும் பாமிடமிருந்தே தொடங்குவது நல்லது. மகுவயரின் நாவல் ஏறத்தாழ 400 பக்கம், பொறுமையைக் கேட்கும். பாமின் புத்தகம் ஒரு மாலைக்குள் முடிந்துவிடும், காப்புரிமைக் காலமும் எப்போதோ தீர்ந்துவிட்டதால் இலவசமாகவே கிடைக்கும். பன்னிரண்டாம் அத்தியாயத்துக்கு வரும்போது, அந்தச் சமையலறையில் வாளி எங்கே இருக்கிறது, அதை யார் எந்த மனநிலையில் கையில் எடுக்கிறார்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு இந்த நாவலைத் திறவுங்கள்.