கால் டாப்ளர் எடுத்தாச்சு சார்

விமானம், டாக்ஸி, பேங்க், ரேஷன் கார்டில் பெயர் திருத்தம் எல்லாம் ஊருக்கு வந்த இந்தத் தடவை ஒழுங்காக நடந்துவிட்டன. அதனால் அவற்றைப் பற்றி எழுத எதுவும் இல்லை. எழுத வேண்டியது ஒரே ஒரு காகிதத்தைப் பற்றி. நெல்லையில் ஒரு ஸ்கேன் சென்டர் கொடுத்த கால் டாப்ளர் ரிப்போர்ட் அது; ஒலி அலையால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன். வழவழப்பான உறை, உள்ளே நாலு கலர் படம், அடியில் முத்திரை, கையெழுத்து. சாராம்சம் இதுதான்: இரு கால் ஆழ்சிரைகளிலும் ரத்தக் கட்டி இல்லை, வலது கால் பெருஞ்சிரையில் (தோலுக்கடியில் கணுக்கால் முதல் தொடை வரை ஓடும் நீளச் சிரை) லேசாக ரத்தம் பின்னோக்கி ஒழுகுகிறது.

படுத்திருந்தவர் மாமா. சர்க்கரை வந்து இருபது வருஷம். வலது சுண்டுவிரல் ஓரத்தில் செருப்பு வார் உரசிய புண், ஆறு வாரமாக ஆறவில்லை. விரல் நுனி கறுக்கத் தொடங்கியிருந்தது. ராத்திரியில் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப் போட்டால்தான் வலி அடங்கித் தூக்கம் வருகிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: பாதத்துக்கு ரத்தம் போய்ச் சேருகிறதா? அதாவது தமனி. பாதத்திலிருந்து திரும்பி வரும் சிரையைப் பார்த்துவிட்டு "பிரச்சினை இல்லை" என்று அனுப்பியிருக்கிறார்கள்.

கவுன்டரில் கேட்டால், "கால் டாப்ளர்னுதானே சார் எழுதியிருக்கு? எடுத்தாச்சு சார்" என்கிறார் அந்தப் பெண். அவர் மேல் தப்பே இல்லை. டாக்டரின் சீட்டில் "டாப்ளர், இரு கால்" என்று மட்டும்தான் இருந்தது. சர்க்கரை இல்லை, புண் இல்லை, தமனி இல்லை.

சந்தேகமான சீட்டு வந்தால் ஸ்கேன் ஏன் சிரைப் பக்கமே சாய்கிறது என்பதற்குக் காரணம் உண்டு. ரத்தக் கட்டி பார்ப்பது சீக்கிரம் முடிகிற வேலை. தொடை மடிப்பிலிருந்து முழங்கால் பின்புறம் வரை புரோபால் (ஸ்கேன் கருவியின் கைப்பிடி முனையால்) சிரையை அமுக்கிக்கொண்டே வந்தால் போதும்; அமுங்கினால் கட்டி இல்லை. இரு கால் தமனியை முறையாகப் பார்க்க முக்கால் மணி நேரமாவது வேண்டும். நம் நாட்டில் 1994-ஆம் வருஷத்துக் கருப் பாலினத் தடைச் சட்டத்தின்படி ஒவ்வொரு ஸ்கேன் மெஷினும் பதிவாகியிருக்க வேண்டும், தகுதி பெற்ற டாக்டர்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். எல்லா சென்டர் சுவரிலும் "ஆணா பெண்ணா என்று சொல்லப்படமாட்டாது" போர்டு தொங்குவது அதனால்தான். சட்டம் வந்த காரணம் நியாயமானது. ஆனால் வயிறு, கர்ப்பம், தைராய்டு என்று டோக்கன் வரிசை வாசல் வரை நிற்கும்போது ஒரே டாக்டர் ஒரு காலுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவார்?

இங்கிலாந்தில் இந்த வேலைக்கென்றே பயிற்சி பெற்ற, டாக்டர் அல்லாத ரத்தநாள ஸ்கேன் நிபுணர்கள் இருக்கிறார்கள். என்ன நோய், எந்த நாளம், என்ன கேள்வி என்று எழுதாத படிவத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எரிச்சலூட்டும் வழக்கம்தான், அதன் அருமை நெல்லையில்தான் தெரிந்தது. அதற்காக அங்கே எல்லாம் தேன் என்றும் இல்லை. சர்க்கரைக்காரர் காலில் புண் என்றால் ஒரு வேலை நாளுக்குள் பாதச் சிகிச்சைக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்பது அங்கே சிகிச்சை வழிகாட்டுதல் வகுக்கும் நைஸ் அமைப்பின் விதி. ரத்த ஓட்டம் மிகக் குறைந்த காலோடு அட்மிட் ஆனவருக்கு 5 நாளுக்குள் ஓட்டத்தைத் திறந்துவிட வேண்டும் என்பது ரத்தநாள அறுவை நிபுணர்கள் சங்கம் வைத்த இலக்கு. எல்லா ஆஸ்பத்திரியும் அதை எட்டுவதில்லை. இங்கேயோ சரியான சீட்டோடு வேறொரு இடத்துக்குப் போனால் மத்தியானம் தமனி டாப்ளர், சாயங்காலம் சி.டி. ஆஞ்சியோ. லண்டனில் இந்த வேகத்தைக் காசு கொடுத்தாலும் பார்ப்பது அரிது. மெஷினும் ஆளும் இருக்கிற ஊரில் ஒரு வார்த்தை எழுதாமல் விட்டதால் நாள் வீணாவதுதான் வயிற்றெரிச்சல்.

நாள் மட்டும் வீணானால் பரவாயில்லை. அந்தச் சிரை ரிப்போர்ட் சும்மா கிடக்காது. "லேசான ஒழுக்கு" என்று படித்த உடனே யாராவது இறுக்கமான ஸ்டாக்கிங் எழுதிக் கொடுப்பார். இரண்டாம் வகுப்பு ஸ்டாக்கிங் கணுக்காலில் 23 முதல் 32 மி.மீ. பாதரச அழுத்தம் தரும். ஏற்கெனவே ரத்தம் எட்டாத பாதத்தில் அதை மாட்டினால் குதிகாலும் விரல் முட்டியும் கறுத்துப் போகும். கணுக்கால் அழுத்தம் 60-க்குக் கீழே இருந்தாலும், கணுக்கால்-கை விகிதம் (கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்த எண்) 0.6-க்குக் கீழே இருந்தாலும் தொடர்ந்து போடும் ஸ்டாக்கிங் கூடவே கூடாது. இன்னொரு ஆபத்து லேசர். ஒழுகும் பெருஞ்சிரையை லேசரால் அடைத்துவிட்டால், நாளை அடைப்பைத் தாண்டி ரத்தத்துக்கு மாற்றுவழி போடும் பைபாஸுக்கு வேண்டிய குழாயை இன்றே பொசுக்கியதாகிவிடும். அந்தக் குழாயின் மதிப்பு கீழே வருகிறது.

முதல் சென்டரில் "ஏ.பி.ஐ.", அதாவது மேலே சொன்ன கணுக்கால்-கை விகிதம், என்று ஒரு தனித் தாளும் கொடுத்திருந்தார்கள். கை, கால் நாலுக்கும் பட்டை கட்டி மெஷினே கணக்குப் போட்டது: 1.34, பச்சைக் கட்டத்தில் "நார்மல்". சர்க்கரைக்காரர்களை ஏமாற்றுவதில் இந்த எண்ணுக்கு ஈடில்லை. தமனிச் சுவரின் நடு அடுக்கில் சுண்ணாம்பு படிந்தால் பட்டையால் அதை நசுக்க முடியாது. உள்ளே ஓட்டம் குறைவாக இருந்தாலும் அழுத்தம் உயர்ந்தே காட்டும். 1.3-ஐத் தாண்டிய விகிதத்தை "நம்ப முடியாதது" என்று படிக்க வேண்டும். கையால் அளப்பதே மேல். பத்து நிமிஷம் மல்லாந்து படுக்க வைத்து, கணுக்காலுக்குச் சற்று மேலே பட்டை கட்டி, 8 மெகாஹெர்ட்ஸ் பேனா டாப்ளரைப் பாதத்தின் மேல்பக்கத் தமனியிலும் உள் கணுக்கால் பின்னாலும் வைத்து, சத்தம் நின்ற இடத்துக்கு மேல் 20 மி.மீ. ஏற்றி, மெதுவாக இறக்கினால் சத்தம் திரும்பும் இடம் அழுத்தம். எண் பொய் சொன்னாலும் சத்தம் பொய் சொல்லாது. நல்ல தமனி சுருக்கென்று இரண்டு மூன்று தட்டாகக் கேட்கும். அடைப்புக்குக் கீழே ஒரே இழுவையாக "ஊஷ்" என்று போகும்.

அந்தக் காலத்துக் குடும்ப டாக்டரிடம் இதெல்லாம் இருந்ததில்லை. கம்பவுண்டர் கட்டுப் பிரிப்பதற்குள் அவர் இரண்டு விரலை முதலில் பாதத்தின் மேல் வைப்பார், பிறகு கணுக்காலுக்குப் பின்னால், பிறகு முழங்கால் மடிப்பில், கடைசியில் தொடை மடிப்பில். அரை நிமிஷம். இப்போது கட்டைப் பிரிக்காமலே ஸ்கேன் சீட்டு கிழிக்கிறார்கள்.

சுண்ணாம்புக் காலில் உண்மையைச் சொல்வது கால் விரல் அழுத்தம். விரல் தமனிகளில் சுண்ணாம்பு குறைவு. பெருவிரலில் சின்னப் பட்டை, நுனியில் ஒளி உணரி. ஐந்து நிமிஷ வேலை. 60-ம் அதற்கு மேலும் என்றால் ஓட்டம் போதும். 30-க்குக் கீழே என்றால் உடனே படமெடுத்து ஓட்டத்தைத் திறக்கும் வழி பார்க்க வேண்டும். காயத்தின் ஆழம், ரத்த ஓட்டம், தொற்று மூன்றுக்கும் தலா 0 முதல் 3 வரை மதிப்பெண் போடும் முறை 2014-இலேயே வந்துவிட்டது. மாமாவுக்கு இரண்டாவது இடத்தில் அளந்தபோது வந்த எண் 28. காலையில் "நார்மல்" ஆன அதே கால்.

தமனி ரிப்போர்ட்டில் இருக்க வேண்டியவையும் சொல்லிவிடலாம். தொடையிலிருந்து பாதம் வரை ஒவ்வொரு தமனியிலும் அலையின் வடிவம், ரத்தம் பாயும் வேகம். அடைப்பில் உள்ள வேகம் அதற்குச் சற்று மேலே உள்ளதைப் போல இரண்டு மடங்கைத் தாண்டினால் குறுக்கம் பாதிக்கு மேல். முழங்காலுக்குக் கீழே மூன்று தமனிகள். அவற்றில் எது பாதம் வரை போய்ச் சேருகிறது என்பது தனியாக வர வேண்டும். சுண்ணாம்பு நிழலால் தெரியவில்லை என்றால் "தெரியவில்லை" என்று எழுத வேண்டும். "இயல்பு" என்று எழுதக் கூடாது.

இனி வேடிக்கை. முதல் சென்டர் பார்த்த அதே பெருஞ்சிரையைத்தான் கடைசியில் சர்ஜன் கேட்டார், ஆனால் விட்டத்தை. நெடுகிலும் 3 மி.மீ. இருக்கிறதா, ஒரே துண்டாகக் கிடைக்குமா, நடுவில் தழும்பு உண்டா? அதை மட்டும் அளக்கவில்லை. சிரையை முழுக்கப் பார்த்தவர்கள் ஐந்து இடத்தில் ஒரு கோடு போட்டு அளந்திருந்தால் அந்த ரிப்போர்ட்டுக்குப் பாதி விலையாவது தேறியிருக்கும்.

சிரையின் விட்டம் இவ்வளவு பெரிசா என்றால், 2022-இல் வெளியான பெஸ்ட்-சிஎல்ஐ ஆய்வைப் பார்க்க வேண்டும். 1,830 நோயாளிகள். ஒரே துண்டு நல்ல பெருஞ்சிரை கிடைத்த 1,434 பேரில், கால் சார்ந்த பெரிய பாதகமோ மரணமோ பைபாஸ் செய்தவர்களில் 42.6 சதவீதம், அடைப்பை உள்ளிருந்தே விரிக்கும் பலூன்-ஸ்டென்ட் பக்கம் 57.4 சதவீதம். வித்தியாசத்தில் பெரும்பங்கு மறுபடி பெரிய சிகிச்சை தேவைப்பட்டதில் வந்தது: 9.2-க்கு 23.5. நல்ல சிரை இல்லாத 396 பேரில் இரண்டு வழிக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. உடனே "பைபாஸ்தான்" என்று எழுந்துவிடக் கூடாது. அடுத்த வருஷமே பிரிட்டனை மையமாக வைத்த பேசில்-2 வந்தது. முழங்காலுக்குக் கீழே அடைப்புள்ள 345 பேர். பெரிய ஆம்புடேஷனோ (காலை வெட்டுவது) மரணமோ சிரை பைபாஸில் 63 சதவீதம், பலூன் பக்கம் 53. அங்கே வித்தியாசத்தை உண்டாக்கியது மரணம். ஒன்று மறு சிகிச்சையையும் கணக்கில் சேர்த்தது, இன்னொன்று சேர்க்கவில்லை. அடைப்பின் இடமும் ஆட்களும் வேறு. ஆகவே வயது, இதயம், சிறுநீரகம், சிரை, பாதத்தில் திறந்திருக்கும் தமனி ஆகிய ஐந்தையும் மேஜையில் வைக்காமல் "பலூன் போதும் சார்" என்று சொல்லும் டாக்டரிடமும், "பைபாஸ்தான் நிரந்தரம்" என்று சொல்பவரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: சிரையை அளந்தீர்களா?

முன்பு இதய பைபாஸ் ஆனவர்களுக்கு அந்தச் சிரையைக் காலிலிருந்து எடுத்திருப்பார்கள். எந்தக் கால் என்று பழைய டிஸ்சார்ஜ் சம்மரியில் பாருங்கள். அடுத்த காலையும் கைகளையும் அளக்கச் சொல்லலாம். வார்டில் உள் கணுக்காலில் வென்ஃப்ளான் (டிரிப் ஏற்றும் ஊசிக் குழாய்) குத்தவிடாதீர்கள். அதே சிரைதான்.

மருந்து தடவிய பலூனுக்குத் தனி விலை சொல்வார்கள். 2018-இல் ஒரு தொகுப்பாய்வு அதில் மரணம் கூடுகிறது என்று கிளப்பிய பயத்துக்கு ஆதாரம் இல்லை என்று 2023-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ சொல்லிவிட்டது. ஆனால் ஸ்வீடனில் நடந்த ஸ்வீட்பேட் ஆய்வின் முடிவு 2025-இல் வந்தபோது, மருந்து தடவியதால் கால் வெட்டப்படுவது குறையவில்லை என்று தெரிந்தது. கூடுதல் காசுக்கு முன் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டம் திறந்த பிறகு ஆஸ்பிரினோடு ரத்தம் உறையாமல் தடுக்கும் ரிவரோக்சபான் 2.5 மி.கி. தினம் இரண்டு வேளை. 2020-இல் வாயேஜர் ஆய்வில் 6,564 பேரிடம் பார்த்தது. மூன்று வருஷத்தில் பாதகங்கள் 19.9-லிருந்து 17.3 சதவீதமாகக் குறைந்தன, ரத்தக்கசிவு கொஞ்சம் கூடியது. மருந்துக் கடையில் "2.5 இல்லை சார், 10 இருக்கு" என்றால் வாங்காதீர்கள், அது வேறு நோய்க்கான அளவு. ஸ்டாட்டினை "கொலஸ்ட்ரால் நார்மல்" என்று யாரும் நிறுத்தவும் வேண்டாம்.

மாமாவின் பைபாஸ் ஆபரேஷன் நன்றாக நடந்தது. அதில் சொல்ல ஒன்றுமில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில்தான் மறுபடி பழைய ஊர் வந்துவிட்டது: "தேவைப்பட்டால் வரவும்". சிரை பைபாஸில் குறுக்கம் பெரும்பாலும் முதல் வருஷத்திலேயே, வலியோ அறிகுறியோ இல்லாமல் வளரும். முழுக்க அடைத்த பிறகு காப்பாற்றுவது கஷ்டம். ஒரு மாதம், மூன்று, ஆறு, பன்னிரண்டு மாதங்களில் நாடியும், கணுக்கால் அழுத்தமோ சுண்ணாம்புக் கால் என்றால் விரல் அழுத்தமோ பார்க்க, முடிந்தால் ஒட்டிய இரு முனைகளையும் ஸ்கேன் செய்ய, தேதி போட்டு எழுதி வாங்குங்கள். எந்தத் தமனியிலிருந்து எந்தத் தமனிக்கு, எந்தக் காலின் சிரை, எத்தனை மி.மீ. என்பதும் அதில் இருக்கட்டும். வீட்டில் எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு போட வேண்டும். வெந்நீர் ஒத்தடம் கூடாது. அடுத்த ஸ்கேன் சீட்டில் டாக்டரிடம் கேட்டு எழுத வைக்க வேண்டியது: "தமனி டாப்ளர், வலது கால், தொடை முதல் பாதம் வரை, அலை வடிவத்துடன், விரல் அழுத்தம், பைபாஸ் குழாயின் இரு முனையிலும் வேகம்."