இங்க்ஸ் ஏரிக்கு டிரெய்லர் வாடகைக்கு எடுக்கிறீர்களா? கையெழுத்துப் போடும் முன் இதைப் படியுங்கள்

டெக்சஸில், ஆஸ்டினில் இருப்பவர்களுக்கு இங்க்ஸ் ஏரி ஸ்டேட் பார்க் பற்றிப் பெரிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றேகால் மணி நேர டிரைவ். டிராவிஸ் ஏரி வறட்சியில் கரை விட்டு இறங்கிப் போய்ச் சேறு காட்டும்போதும் இங்க்ஸ் ஏரி அநேகமாக அதே மட்டத்தில் நிற்கும். 1938-ல் கட்டி முடித்த அணை. மேலே இருக்கும் புக்கானன் ஏரியிலிருந்து வரும் தண்ணீர் அப்படியே கடந்து போகும். கரையெல்லாம் இளஞ்சிவப்புப் பாறை. அதனால்தான் மார்ச், ஏப்ரலில் அங்கே இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. முன்பதிவு ஐந்து மாதத்துக்கு முன்னால் திறக்கும். மார்ச் கடைசி வார இறுதிக்கு நான் அக்டோபரிலேயே உட்கார்ந்து ஏரியைப் பார்த்த ஓர் இடத்தைப் பிடித்து வைத்தேன்.

இந்தத் தடவை பாளையங்கோட்டையிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். அப்பாவுக்கு முழங்கால் தேய்மானம். கூடாரத்தில் தரையில் படுத்தால் காலையில் அவரை எழுப்ப இரண்டு ஆள் வேண்டும். ராத்திரி இரண்டு தடவையாவது பாத்ரூம் போவார். எங்களிடம் டிரெய்லரும் (மெத்தை, அடுப்பு, டாய்லெட் எல்லாம் உள்ளேயே இருக்கும் சக்கர வீடு) இல்லை, அதை இழுக்கிற டிரக்கும் இல்லை. நாம் பதிவு செய்த இடத்துக்கே டிரெய்லரைக் கொண்டுவந்து நிறுத்தி, கரண்ட், தண்ணீர் எல்லாம் இணைத்துக் கொடுத்துவிட்டு, முடிந்ததும் வந்து இழுத்துக்கொண்டு போகிற வாடகைக்காரர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தபோது, இது நமக்காகவே செய்தது போல இருக்கிறதே என்று நினைத்தேன். மூன்று ராத்திரிக்கு 540 டாலர். பூங்காவுக்குக் கட்டுவது தனி. சரி, அப்பா ஒரு மெத்தையில் படுப்பார், நாலு எட்டில் டாய்லெட், அதற்குக் கொடுக்கலாம்.

முதல் தப்பு அங்கேயே நடந்துவிட்டது. வாடகையை கார்டில் கட்டச் சொன்ன வாடகைக்காரர், 750 டாலர் டெபாசிட்டை மட்டும் ஸெல்லில் (Zelle, வங்கிக் கணக்கிலிருந்து கணக்குக்கு நேரே பணம் அனுப்பும் வசதி) அனுப்பச் சொன்னார். கார்டில் என்றால் மூன்று சதவீதம் கூட ஆகுமாம், திருப்பித் தருவதும் தாமதமாகுமாம். மூன்று சதவீதம் என்றதும் எனக்குள் இருக்கும் திருநெல்வேலிக்காரன் முந்திக்கொண்டான். அனுப்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு வருகிறேன் என்றவர் வந்தது நாலரைக்கு. அப்பா ஒரு மடக்கு நாற்காலியில் ஏரியைப் பார்த்தபடி, அம்மா பிளாஸ்க் காபியோடு, குழந்தை பாறை மேல் தாவிக்கொண்டு. அவர் இறங்கியதிலிருந்தே அவசரம். சக்கரத்துக்குக் கட்டை வைத்தார், 30 ஆம்ப் பிளக்கைச் செருகினார், தண்ணீர்க் குழாயை மாட்டினார், உள்ளே ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். எல்லாம் இருபது நிமிடத்துக்குள். சுவரில் தொட்டிகளின் அளவைக் காட்டும் சின்ன விளக்குகள் உண்டு. பிளாக் டேங்க் என்பது டாய்லெட் கழிவு போய்ச் சேரும் தொட்டி. அதற்கு நேரே மூன்றில் இரண்டு பங்கு என்று எரிந்தது. கேட்டேன். சிரித்துக்கொண்டே, "அந்த சென்சார் எப்போதும் பொய்தான் சொல்லும்" என்றார்.

இதில் பாதி உண்மை இருக்கிறது, மாட்டிக்கொள்வதும் அதனால்தான். தொட்டிக்குள் காகிதம் ஒட்டிக்கொண்டால் அந்த சென்சார் தப்பாகக் காட்டும் என்பது டிரெய்லர் வைத்திருக்கும் எல்லாரும் சொல்வது. ஆனால் டாய்லெட் மிதியை மிதித்து, செல்போன் டார்ச்சை உள்ளே அடித்தாலே தொட்டி நேராகத் தெரியும். எனக்கு அது மறுநாள்தான் தெரிந்தது.

பிறகு தன் போனை நீட்டினார். "வண்டி வந்து சேர்ந்ததற்கு ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்." விரலால் கிறுக்கினேன். மேலே தள்ளிப் படித்திருந்தால் தெரிந்திருக்கும். தொட்டிகள் காலி, புரொப்பேன் கேஸ் இரண்டு சிலிண்டரும் முழுசு, வெளியே உள்ளே எந்தச் சேதமும் இல்லை என்று எல்லாக் கட்டங்களிலும் முன்கூட்டியே டிக் போட்டிருந்தது. அவர் போன பிறகு மின்னஞ்சலில் வந்த நகலில்தான் அதைப் பார்த்தேன். அப்போதும் உறைக்கவில்லை.

அன்று சாயங்காலம் நன்றாகத்தான் போனது. அடுப்பு எரிந்தது, அம்மா தோசை வார்த்தார். கரையிலிருந்து தூண்டில் போட ஸ்டேட் பார்க்கில் லைசென்ஸ் வேண்டாம் என்பதால் அப்பா ஒரு மணி நேரம் தூண்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மீன் ஒன்றும் வரவில்லை, அவருக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை.

ராத்திரி ஒரு மணி வாக்கில் குளிர் எழுப்பியது. மார்ச் மாதம் அங்கே பகலில் வெயில் அடித்தாலும் ராத்திரி 10 டிகிரி செல்சியஸ் வரை இறங்கிவிடும். கேஸில் எரிந்து உள்ளே சூடேற்றும் ஃபர்னஸின் விசிறி ஓடுகிறது, ஆனால் வருவது ஐஸ் காற்று. உள்ளே டிக் டிக் என்று ஒரு சத்தம், மூன்று தடவை முயற்சி, பிறகு நின்றுவிடும். தீ பிடிக்கவில்லை. வெளியே போய் சிலிண்டரைப் பார்த்தேன். எது முழுசு எது காலி என்று எனக்குத் தெரியவில்லை. சால்வையைப் போர்த்திக்கொண்டு அம்மா பின்னாலேயே வந்தார்.

"ஒரு ஈரத்துணி கொண்டா."

வீட்டில் கேஸ் புக் பண்ணுவதற்கு முன் அவர் செய்கிற வேலைதான். இரண்டு சிலிண்டரையும் மேலிருந்து கீழே ஈரத்துணியால் ஒரு இழு இழுத்தார். திரவம் இருக்கிற பகுதி குளிர்ந்திருக்கும், ஈரம் காயாமல் நிற்கும். காலியான பகுதி சீக்கிரம் காய்ந்துவிடும். டார்ச்சை அடித்துக்கொண்டு நின்றேன். இரண்டும் உச்சி முதல் அடி வரை ஒரே மாதிரி காய்ந்தன. "ரெண்டும் காலி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஒன்றில் அடியில் இருந்த கொஞ்சம்தான் தோசைக்கு எரிந்திருக்கிறது. ஆஸ்டினிலிருந்து கொண்டுபோன போர்வைகளையெல்லாம் அப்பா மேல் போட்டோம். விடிந்ததும் பக்கத்து ஊரான பர்னெட் போய் ஒரு சிலிண்டரைக் கடைக் கூண்டில் மாற்றிக்கொண்டு வந்தேன். (இதிலும் ஒரு சங்கதி. 20 பவுண்டு சிலிண்டர் என்று மாற்றித் தருவார்கள். பல பிராண்டுகள் உள்ளே 15 பவுண்டுதான் நிரப்புகின்றன. நிரப்பித் தரும் இடம் கிடைத்தால் அதுதான் லாபம்.)

நான் திரும்பி வந்தபோது அதைவிடப் பெரிய பிரச்சினை காத்துக்கொண்டிருந்தது. மனைவி வாசலிலேயே நின்று, "உள்ளே போகாதீங்க" என்றாள். டாய்லெட் மிதியை மிதித்தால் கீழே போக வேண்டியது மேலே வருகிறது.

ஐந்து பேர், ஒரு ராத்திரி. அந்தத் தொட்டி 30 காலன், 113 லிட்டருக்கு மேல். ஐந்து பேர் ஒரு ராத்திரியில் அதை நிரப்ப முடியாது. சென்சார் அன்று உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. வாடகைக்காரருக்குப் பத்து தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. குறுஞ்செய்திக்கு மட்டும் ஒரு பதில்: "அதிகமாகத் தண்ணீர் விட்டிருப்பீர்கள். டம்ப் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோங்கள்." பூங்காவில் டம்ப் ஸ்டேஷன், அதாவது தொட்டிக் கழிவைக் கொட்டும் இடம், இருக்கிறதுதான். டிரெய்லரை அங்கே இழுத்துப் போக எங்களிடம் என்ன இருக்கிறது, மினிவேனா? இழுக்க வண்டி இல்லாதவர்கள்தானே அவருடைய வாடிக்கையாளர்களே!

காப்பாற்றியது கேம்ப் ஹோஸ்ட். ஒவ்வொரு பூங்காவாகத் தங்கி, தங்கும் இடத்துக்குப் பதிலாக வேலை செய்கிற தன்னார்வலர்கள் இவர்கள். எழுபது வயதைத் தாண்டியவர். நான் சொல்ல ஆரம்பித்ததும், "இது முதல் தடவை இல்லை" என்றார். எந்தக் கம்பெனி என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தன் வண்டிக்குப் பின்னாலிருந்து சக்கரம் வைத்த நீல நிறத் தொட்டி ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். 15 காலன் பிடிக்கும். நிரம்பினால் 57 கிலோ. ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு குழாயைப் பொருத்தி, வால்வைக் கொஞ்சமாக இழுத்து, வழியப் போகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே நின்ற அந்த நிமிடங்களைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன், சாப்பிட்டுக்கொண்டு படிப்பவர்கள் இருப்பீர்கள். நிரம்பியதைத் தன் கோல்ஃப் வண்டியில் கட்டி டம்ப் ஸ்டேஷனுக்கு இழுத்துப் போனார். இரண்டு நடை. அதுவரை அப்பா பூங்காவின் பொதுக் கழிப்பறைக்கு, ஏற்றத்தில், என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பாதியில் நின்று மூச்சு வாங்கியபடி, "ஏல, இதுக்கு நம்ம ஊரு லாட்ஜே தேவல" என்றார்.

எதைத் தவிர்க்க வேண்டும் என்று டிரெய்லர் எடுத்தோமோ அதுவே நடந்தது, அதுவும் 540 டாலர் கொடுத்து.

மீதி நாள் பரவாயில்லை. டெவில்ஸ் வாட்டர்ஹோலில் பையன்கள் பாறையிலிருந்து குதிப்பதை அம்மா வாயைப் பிளந்து பார்த்தார். வழியெல்லாம் புளூபானட் பூத்திருந்தது. திங்கள்கிழமை டிரெய்லரை எடுக்க வேறு ஒரு பையன் வந்தான், ஒன்றும் சொல்லவில்லை, இழுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஒன்பது நாள் கழித்து 115 டாலர் வந்தது, கூடவே ஒரு பில். முன் ஓரத்து ஆனிங் (வெளியே நிழலுக்கு விரிக்கும் துணிக் கூரை) கிழிந்ததற்கு 425. பிளாக் டேங்க் 'அளவுக்கு மீறி நிரப்பியதற்கு' 150. புரொப்பேன் நிரப்பக் கட்டணம் 60. கடைசி வரியைப் பார்த்துச் சிரிப்புதான் வந்தது. பர்னெட்டில் நான் வாங்கிய சிலிண்டர் அவர்கள் டிரெய்லரோடே போயிருக்கிறது.

வங்கியைக் கூப்பிட்டேன். ஸெல்லில் நீங்களே மனசாரப் பணம் அனுப்பியிருக்கிறீர்கள், யாரும் உங்கள் கணக்கைத் திருடவில்லை, எனவே நாங்கள் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்றார்கள். கார்டில் கட்டிய வாடகையில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்டு கார்டு கம்பெனியிடம் புகார் வைத்தேன். அவர்கள் வாடகைக்காரரிடம் விளக்கம் கேட்டார்கள், அவர் அந்தக் கையெழுத்துப் போட்ட படிவத்தை அனுப்பினார். தொட்டி காலி, சிலிண்டர் முழுசு, கீழே என் கிறுக்கல். புகார் முடிந்தது.

ஆனிங் விஷயத்தில் மட்டும் அதிர்ஷ்டம் இருந்தது. டிரெய்லர் வந்து நின்றதும் என் மகள் ஆச்சியை அதன் முன்னால் நிறுத்தி ஒரு படம் எடுத்திருந்தாள். மாலை 4.52. ஆச்சி பிளாஸ்க்கோடு சிரிக்கிறார். அவர் தலைக்கு மேலே, சுருட்டி வைத்த ஆனிங்கின் ஓரத்தில், ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளை டேப் ஒட்டியிருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் டேப் ஓரம் அழுக்கேறிப் பழசாக இருப்பதுகூடத் தெரிகிறது. நாங்கள் அந்த ஆனிங்கை விரிக்கவே இல்லை.

அந்தப் படத்தோடு ஒரு கடிதம் எழுதினேன். டெக்சஸில் ஏமாற்று வியாபாரத்துக்கு எதிரான சட்டத்தில் வழக்குப் போடும் முன் 60 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதைக் குறிப்பிட்டு, பணம் வராவிட்டால் ஜஸ்டிஸ் கோர்ட்டுக்குப் போவேன் என்று எழுதினேன். 20,000 டாலர் வரையிலான வழக்குகளுக்கு அங்கே வக்கீல் இல்லாமல் நாமே போகலாம். சர்டிஃபைட் மெயிலில், வாங்கியதற்குக் கையெழுத்துக் கேட்டு அனுப்பினேன். ஐந்து வாரம் கழித்து 425 டாலர் வந்தது. ஒரு வார்த்தை விளக்கம் இல்லை. மீதி 210 இன்னும் அங்கேதான் இருக்கிறது. கோர்ட் கட்டணம், சம்மன் கட்டணம், ஒரு நாள் லீவு என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

கம்பெனி பேரை இங்கே எழுதவில்லை. ஒரு பேரைத் தவிர்த்துவிட்டு அதே மாதிரி இன்னொருவரிடம் போய் மாட்டுவதில் யாருக்கும் லாபம் இல்லை. டெபாசிட்டையும் கார்டிலேயே கட்டுங்கள், ஒத்துக்கொள்ளாதவரிடம் எடுக்காதீர்கள். டிரக்கிலிருந்து டிரெய்லரைக் கழற்றும் முன், கொண்டுவந்தவர் பக்கத்தில் நிற்கும்போதே ஃபர்னஸை ஓட விட்டுச் சூடான காற்று வருகிறதா என்று கையை வையுங்கள். சிலிண்டரைத் தூக்கிப் பாருங்கள். காலி 17 பவுண்டு, முழுசு 37, வித்தியாசம் கைக்கே தெரியும். டாய்லெட்டில் டார்ச் அடியுங்கள். நாலு பக்கமும் கூரை ஓரமும் நிதானமாக வீடியோ எடுங்கள். அவர் அவசரப்பட்டால் படட்டும், இரண்டரை மணி நேரம் தாமதமாக வந்தவர் அவர்தானே.

இன்னொன்று, கொஞ்சம் வெட்கத்தோடுதான் சொல்கிறேன். கேம்ப் ஹோஸ்ட் அந்த நீலத் தொட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னார்: பூங்காவுக்குள்ளேயே சின்னச் சின்ன கேபின்கள் வாடகைக்கு உண்டு. கட்டில் உண்டு, குளிருக்கும் வெயிலுக்கும் மெஷின் உண்டு. டாய்லெட் வெளியேதான், ஆனால் பக்கம். முன்பதிவு செய்யும் அதே பக்கத்தில், நான் தேடிய இடத்துக்குக் கீழேயே இருந்திருக்கிறது. நான் கீழே தள்ளிப் பார்க்கவே இல்லை.

அடுத்த தடவை அவர்கள் வரும்போது அதைத்தான் எடுப்பதாக முடிவு. போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் சொன்னேன். அப்பா, "அந்த 210 வந்துச்சா?" என்று கேட்டார். பின்னாலிருந்து அம்மா குரல் மட்டும் வந்தது: "சிலிண்டர் இல்லாத எடந்தானே?"