"கோடு ஓடவில்லை" என்று எங்கே கேட்டால் நல்லது?

வேலூரில் யாரிடமாவது "பஸ் ஸ்டாண்டு எங்கே?" என்று கேட்டால், "பழசா, புதுசா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். கோட்டைப் பக்கம் ஒன்று, கிரீன் சர்க்கிள் பக்கம் இன்னொன்று. ஊருக்குப் புதியவருக்கு இரண்டு இருப்பதே தெரியாது. தெரிந்திருந்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டார். புரோகிராமிங் கற்க வந்தவர், எழுதிய நிரல் வேலை செய்யாதபோது "கோடு ஓடவில்லை" என்று மட்டும் கேட்கும் அரைகுறைக் கேள்வியும் அப்படித்தான் பிறக்கிறது. எதைச் சொல்ல வேண்டும் என்பதே அவருக்கு இன்னும் தெரியாது.

சத்துவாச்சாரியில் மாலை நேரத்தில் பைத்தான் என்ற நிரல் மொழி சொல்லித் தருகிறேன். குடியாத்தத்திலிருந்து வரும் ஒரு பையன், தமிழ் வழியில் படித்தவன், ஒரு டெலிகிராம் குழுவில் "கோடு நாட் ஒர்க்கிங், ப்ளீஸ் ஹெல்ப்" என்று போட்டான். கூடவே செல்போனில் சாய்வாக எடுத்த திரையின் படம். பிழை வந்ததும் பைத்தான் திரையில் காட்டும் அறிக்கைக்கு டிரேஸ்பேக் என்று பெயர். அதன் மேல்வரிகள் எல்லாம் படத்தில் விழுந்திருந்தன, கடைசி வரி மட்டும் வெட்டுப்பட்டிருந்தது. பைத்தானில் என்ன பிழை என்று சொல்வதே அந்தக் கடைசி வரிதான்.

இதே கேள்வி ஸ்டாக் ஓவர்ஃப்ளோவுக்குப் போயிருந்தால்? 2008-இல் ஜெஃப் அட்வுட்டும் ஜோயல் ஸ்போல்ஸ்கியும் தொடங்கிய, புரோகிராமிங் கேள்வி-பதிலுக்கான இணையதளம் அது. கேட்டவருக்குப் பதில் கிடைப்பது மட்டும் அங்கே நோக்கமில்லை. பின்னால் தேடி வருகிறவர்களுக்கும் அந்தப் பதில் பயன்பட வேண்டும். அதனால் விவரம் போதாத கேள்வியை 3 பேர் வாக்களித்து மூடிவிடலாம். அந்த வாக்குரிமைக்கு 3,000 ரெப்யுடேஷன், அதாவது நல்ல கேள்வி-பதில்களுக்கு அந்தத் தளத்தில் சேரும் புள்ளிகள், தேவை. மூடிய கேள்விக்கு யாரும் பதில் எழுத முடியாது; திருத்தினால் மீண்டும் திறக்க வாய்ப்பு உண்டு. ஆனால் முதல்முறை வந்தவர் அதை "வராதே" என்றுதான் எடுத்துக்கொள்வார். 2024-இல் ஸ்டேஜிங் கிரவுண்ட் என்று ஒன்றைக் கொண்டு வந்தார்கள். புதியவரின் கேள்வி பொதுவில் வரும் முன்பே, அனுபவமுள்ளவர்கள் பார்த்து "இதைச் சேருங்கள்" என்று சொல்லும் இடம். நல்ல ஏற்பாடு, வெகு தாமதமாக வந்தது என்பதுதான் என் வருத்தம்.

சரி, குழுவில் என்ன நடந்தது? முதல் பதில் "கூகுள் பண்ணு ப்ரோ". இரண்டாவது "ஃபுல் கோடு போடு". மூன்றாவதாக ராணிப்பேட்டையிலிருந்து ஒரு அக்கா தமிழில் கேட்டார்: "தம்பி, என்ன டைப் பண்ணதும் நிக்குது?"

பையன் உடனே எழுதினான்: "பேர் கேக்கறது நல்லா வருதுக்கா. வயசு 20ன்னு போட்டு என்டர் அடிச்சதும் நின்னுடுது."

இதைவிடத் தெளிவாக யாரால் சொல்ல முடியும்? பைத்தானில், தட்டச்சு செய்வதை வாங்கித் தரும் இன்புட் (input) என்ற கட்டளை, எதை வாங்கினாலும் எழுத்துச் சரமாகத்தான் தரும். அந்த வயதை அவன் நிரல் 18 என்ற எண்ணோடு பெரியதா சிறியதா என்று ஒப்பிட்டது. எழுத்தையும் எண்ணையும் அப்படி ஒப்பிட்டால் டைப் எரர், அதாவது வகை பொருந்தாத பிழை. இன்புட்டைச் சுற்றி, எழுத்தை எண்ணாக மாற்றும் இன்ட் (int) போட்டதும் ஓடியது. எனக்கு அன்றுதான் உறைத்தது: அவனுடைய கேள்வி மொட்டையாக இருந்ததற்குப் பாதிக் காரணம் ஆங்கிலம். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவுக்கு போர்த்துகீசு, ஸ்பானிஷ், ருஷ்யன், ஜப்பானிய மொழிகளில் தனித் தளங்கள் உண்டு. தமிழில் இல்லை. தமிழில் கோவையாகப் பேசுகிற பிள்ளை, தெரிந்த நாலு ஆங்கிலச் சொல்லுக்குள் கேள்வியைத் திணிக்கிறது. படிக்கிறவர் அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடுகிறார்.

குழுவின் குறையையும் சொல்ல வேண்டும். அந்த அக்காவின் பதில் அன்று ராத்திரிக்குள் இருநூறு செய்திகளுக்கு அடியில் போய்விட்டது. அடுத்த வாரம் இன்னொரு பிள்ளை அதையே கேட்டது, அக்கா அதையே மறுபடி எழுதினார். எத்தனை நாள் எழுதுவார்?

ஏஐ சாட்பாட் திட்டாது, தமிழிலும் பேசும், நள்ளிரவிலும் இருக்கும். ஆனால் "ஓடவில்லை" என்று மட்டும் சொன்னால், பல நேரம் திருப்பிக் கேட்காமல் காரணங்களை வரிசையாக அடுக்கிவிடும். எது தன்னுடையது என்று புதியவருக்குத் தெரியாது. ஒவ்வொன்றாக மாற்றி, ஓடிக்கொண்டிருந்த பகுதியையும் கெடுத்துக்கொள்வார்.

முதல் ஆறு மாதத்துக்கு என் தேர்வு தமிழ்க் குழுதான், திருப்பிக் கேட்கிற ஒருவராவது அங்கே இருந்தால். இல்லாத குழுவில் இருப்பதற்கு ஏஐ மேல். ஓரளவு தேறியவர்களுக்கு ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் கண்டிப்பு நல்லதே செய்யும். கேள்வியைச் சுருக்கி, பிழை வரும் நாலு வரியை மட்டும் தனியாக எடுத்து எழுதும்போதே பாதி நாள் விடை தெரிந்துவிடுகிறது.

இப்போது வகுப்பில் கேள்வியை முதலில் தமிழில் எழுதச் சொல்கிறேன்: என்ன செய்யப் பார்த்தேன், என்ன ஆயிற்று, பிழையின் கடைசி வரி என்ன. குழுவுக்கு அது அப்படியே போகிறது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவுக்கு என்றால், பிள்ளைகளும் நானுமாக உட்கார்ந்து ஆங்கிலமாக்குகிறோம். திரையின் படத்துக்கு மட்டும் வகுப்பில் இடமில்லை. கடைசி வரியைக் கையால் தட்டித்தான் அனுப்ப வேண்டும்.