முனைவர் பட்ட ஆய்வு: சேலத்தில் பகுதி நேரமா, புதுச்சேரியில் முழு நேரமா?

சேலத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் சிவில் மாணவர்களுக்கு நிலவியல் நடத்திவரும் எனக்கு, முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பிக்க இரண்டு வழிகள் இருந்தன. வேலையை விட்டுவிட்டுப் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் புவி அறிவியல் துறையில் முழு நேர ஆய்வாளராகச் சேர முயல்வது ஒன்று. வேலையில் இருந்தபடியே கருப்பூர் அருகிலுள்ள பெரியார் பல்கலைக்கழகத்தில் பகுதி நேரமாகப் பதிவு செய்வது மற்றொன்று. நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன் என்பதால், என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை வாசகர் முதலிலேயே அறிந்துகொள்வது நல்லது.

பணக் கணக்கு எல்லோரும் அறிந்ததே. தேசியத் தகுதித் தேர்வான நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்றவருக்கு முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், பின்னர் 42,000 ரூபாயும், வீட்டு வாடகைப் படியும் கிடைக்கும். அது கைக்கு வருமானால் முழு நேரத்தை மறுப்பதற்குக் காரணம் குறைவு. கிடைக்காதவருக்கு மாதச் சம்பளமே உதவித்தொகை. பட்டத்தின் தகுதியைப் பொறுத்தவரை இரண்டு இடங்களுக்கும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகளே பொருந்தும்: குறைந்தது மூன்று ஆண்டு, அதிகம் ஆறு ஆண்டு, மறுபதிவின் பேரில் மேலும் இரண்டு ஆண்டு. நேர்காணல் குழுவினர் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்ப்பதில்லை என்று சொல்ல மாட்டேன்; ஆனால் அது ஒன்றுக்காக ஊரை விட்டுப் போகுமளவுக்கு எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

முடிவைத் தீர்மானித்தது, ஆய்வை வழிநடத்தும் நெறியாளர் பற்றிய கணக்கு. விண்ணப்பிப்பவர்கள் துறையையும் தலைப்பையும் யோசிக்கும் அளவுக்கு, நெறியாளரின் பிறந்த ஆண்டை யோசிப்பதில்லை. விதிமுறைகளின்படி ஒரு பேராசிரியர் எட்டுப் பேரையும், இணைப் பேராசிரியர் ஆறு பேரையும், உதவிப் பேராசிரியர் நான்கு பேரையும் மட்டுமே ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளலாம். பணி ஓய்வுக்கு மூன்று ஆண்டுகளுக்கும் குறைவாக உள்ளவர் புதிய ஆய்வாளரை ஏற்க முடியாது. 56 வயதுப் பேராசிரியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். தமிழக அரசுப் பல்கலைக்கழகங்களில் ஓய்வு வயது 60 ஆகையால், அவர் உங்களை ஏற்பதற்குத் தடையில்லை. முழு நேர ஆய்வாளர் நான்கு ஆண்டில் எழுதி முடித்துவிடலாம். ஆனால் வகுப்பும் விடைத்தாளும் போக மிஞ்சிய நேரத்தில் எழுதும் பகுதி நேர ஆய்வாளர் ஐந்தாம் ஆண்டில் நிற்கும்போது, நெறியாளர் ஓய்வு பெற்றிருப்பார். அதன் பிறகு அவர் 70 வயது வரை இணை நெறியாளராக மட்டுமே தொடரலாம். முதன்மை நெறியாளராக வேறொருவரைத் தேட வேண்டும். அவரிடம் காலியிடம் இருக்க வேண்டும். பாறை பற்றிய ஆய்வை, நிலத்தடி நீர் ஆய்விலேயே ஊறிய ஒருவர் ஏற்க முன்வரவும் வேண்டும்.

இந்தக் கணக்கில் புதுச்சேரிக்கே முதலிடம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மத்தியப் பல்கலைக்கழகங்களில் ஓய்வு வயது 65. அதே 56 வயதுப் பேராசிரியருக்கு அங்கே ஒன்பது ஆண்டுகள் உள்ளன. ஆயினும் சேலத்தில் இதற்கு ஒரு மாற்று உண்டு: புகழ்பெற்ற மூத்தவரை விட்டு, நாற்பதுகளில் உள்ள உதவிப் பேராசிரியரை நாடுவது. அவரிடம் நான்கு இடங்கள்தாம் என்பதால், அவரிடம் இருக்கும் ஆய்வாளர் ஒருவர் வாய்மொழித் தேர்வை முடிக்கும் தறுவாயில் துறைக்கு நேரில் சென்று கேட்க வேண்டும். உள்ளூர்க்காரருக்கு அது ஒரு பேருந்துப் பயணம். வெளியூர்க்காரர் அறிவிப்புக்காகக் காத்திருக்க வேண்டும். அவருடைய மேற்பார்வையில் ஏற்கெனவே முடிந்த ஆய்வேடுகளை, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்கா தளத்தில் பார்த்துவிட்டுப் போனால் பேச்சுக்குப் பொருளும் கிடைக்கும்.

அருகில் இருப்பதன் இன்னொரு பயன் களத்தில் தெரியும். என் ஆய்வு, சேர்வராயன் மலையடிவாரத்து டியூனைட் பாறைகளிலும், மேக்னசைட் ரயில் நிலையத்துக்கே பெயர் தந்த தாது அவற்றில் வெள்ளை வெள்ளையாக ஓடியிருக்கும் விதத்திலும் தொடங்குகிறது. மேலே ஏற்காடு நோக்கி ஏறினால் சார்னோகைட் என்னும் வேறு பாறை. இரண்டு பாறைகளும் சந்திக்கும் இடத்தை வரைபடத்தில் குறித்துவிட்டு அதை மேசையில் வைத்து விவாதிப்பதும், பாறையின் முன்னால் நெறியாளரை நிறுத்திவைத்து விவாதிப்பதும் ஒன்றல்ல. சனிக்கிழமை காலையில் அவரை அழைத்துச்சென்று மதியத்துக்குள் திரும்பிவிடலாம். புதுச்சேரியில் இருந்துகொண்டு இதே களத்தை எடுத்திருந்தால், நெறியாளர் ஆண்டுக்கு ஒருமுறை வருவதே பெரிய காரியம்.

ஆய்வகத்தைப் பற்றி உறுதியாகப் பேச எனக்கு அனுபவம் போதாது. என் மாதிரிகளின் வேதிப் பகுப்பாய்வைக் கட்டணம் செலுத்தி வெளியே செய்துகொள்ள முடியும். நாள் முழுவதும் கருவியின் அருகிலேயே இருக்க வேண்டிய வேதியியல், உயிர்த் தொழில்நுட்ப ஆய்வுகளுக்கு என் வாதம் பொருந்தாது என்றே நினைக்கிறேன். அவர்களுக்கு முழு நேரமே சரி.

பகுதி நேரத்துக்குப் போகிறவர்கள் நிறுவனத்திடம் பெறும் தடையின்மைச் சான்றில் கவனமாக இருக்க வேண்டும். பகுதி நேரமாகப் படிக்க அனுமதிக்கப்படுகிறார், ஆய்வுக்குப் போதிய நேரம் ஒதுக்கப் பணி இடமளிக்கிறது, தேவைப்பட்டால் பாடநெறியை முடிக்கப் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார் என்ற மூன்றும் அதில் எழுத்தில் இருக்க வேண்டும். ‘ஆட்சேபணை இல்லை’ என்ற ஒற்றை வரியோடு கல்லூரி அலுவலகம் கொடுத்தால், விண்ணப்பிக்கும் முன்பே மாற்றி வாங்கிவிடுங்கள்.